ஊர் என்னும் ஊரில் பூத்த உப்பு

பாஸ்ரா விமான நிலையத்தில் என் பையைத் திறந்த அதிகாரி, மோர்மிளகாய்ப் பொட்டலத்தை எடுத்து மூக்குக்கு அருகில் கொண்டுபோனார். ஏதோ கேட்டார். எனக்கு அரபி தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது, இரண்டு பேருக்கும் தெரிந்த ஆங்கிலம் மோர்மிளகாயை விளக்கப் போதவில்லை. சாப்பிடுகிற பொருள்தான் என்று வாயருகே கையைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் ஒன்றை எடுத்துப் பாதி கடித்துவிட்டார். எண்ணெயில் பொரிக்காத மோர்மிளகாய்! கண்ணில் தண்ணீர் வழிய, பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டு மீதிப் பாதியை அவர் வாயில் திணித்தார். இருவரும் சிரித்து, இருமி, என் பையைத் தாங்களே மூடிக் கொடுத்தார்கள்.

வெளியே ஒரு பெரியவர் அட்டை ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். சுற்றிலும் அரபியிலும் ஆங்கிலத்திலும் எழுதிய அட்டைகள். அவருடையதில் மட்டும் தமிழில் ஒரே ஒரு சொல்: 'அக்கா'. குணாவின் கையெழுத்து. ககரத்தின் வாலைக் கொஞ்சம் கூடுதலாக இழுப்பான். 

குணா என் தம்பி. எனக்கு எட்டு வயது இளையவன். அப்பாவும் அம்மாவும் போன பிறகு எனக்கென்று பிறந்த வீட்டில் இருந்தவன் அவன் ஒருவன்தான். ஏழு வருஷத்துக்கு முன்னால் ஈராக்கில் நாசிரியா என்ற ஊரில் மின்நிலைய வேலைக்குப் போனவன், ஒருமுறைகூடத் திரும்பி வரவில்லை. லீவு கிடைக்கவில்லை என்பான், அடுத்த வருஷம் என்பான். போன மார்கழியில் சாரத்திலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்தது. பிளேட் வைத்தார்கள். ஊருக்கு அனுப்புகிறோம், துணைக்கு ஒருவர் வந்து அழைத்துப்போகட்டும் என்று கம்பெனியில் சொன்னார்கள். குணா போன் செய்து, "நீ வராதக்கா, நான் இங்கயே சமாளிச்சுக்குவேன்" என்றான். அதனால்தான் கிளம்பினேன். விசா வாங்கிய கதையெல்லாம் இங்கே வேண்டாம். திருப்பதியைத் தாண்டிப் போகாதவள், பங்குனி வெயிலில் நன்னிலத்தில் பஸ் ஏறி பாஸ்ராவில் இறங்கினேன்.

அட்டையோடு வந்தவர் குணாவின் கம்பெனியில் கார் ஓட்டுகிறவர். அந்த ஊர் வழக்கப்படி அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, 'ஹைதர் அப்பா' என்றுதான் கூப்பிடுகிறார்கள். மனைவி 'ஹைதர் அம்மா'. மகன் ஹைதர் பாக்தாதில் படிக்கிறான். நம் வீடுகளில் புருஷன் பெயரைச் சொல்லாமல் பிள்ளை பெயரைச் சொல்லி அழைப்பது மாதிரிதான் என்று தோன்றியதும் எனக்குச் சங்கோஜம் போய்விட்டது.

நாசிரியா போகும் வழி முழுக்கத் தட்டை நிலம். மலை என்ற பேச்சே இல்லை. தூரத்தில் எண்ணெய்க் கிணறுகளின் தீ, நடுவில் பேரீச்சந்தோப்பு, சேற்றுக் குட்டைகளில் கழுத்துவரை முங்கிக் கிடக்கும் எருமைகள். தீயை மட்டும் கழித்துவிட்டால் திருத்துறைப்பூண்டிப் பக்கம் போகிற மாதிரிதான். வழியில் நான்கைந்து இடத்தில் ராணுவச் சோதனை. ஒவ்வொரு இடத்திலும் ஹைதர் அப்பா ஏதோ ஒரு வாக்கியம் சொல்வார். துப்பாக்கி வைத்திருந்தவர் குனிந்து என்னைப் பார்ப்பார், நெஞ்சில் கை வைத்து வழிவிடுவார். என்ன மந்திரம் அது என்று பிறகு குணாவிடம் கேட்டேன். "அடிபட்ட தம்பியைப் பார்க்க இந்தியாவிலிருந்து வந்த அக்கா" என்று சொன்னாராம்.

ஹைதர் அப்பா வீட்டு முன்னறையில் குணா கட்டிலில் இருந்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து அங்கேதான். தாடியில் பாதி வெள்ளை. நாற்பத்தொரு வயசுக்கு அது அதிகம்.

"என்னத்துக்குக்கா வந்த?" என்றான். கேட்டுவிட்டு என் கையை விடவேயில்லை.

மறுநாள் காலைச் சாப்பாட்டுக்கு ஹைதர் அம்மா எருமைப்பாலின் ஏட்டைத் தட்டில் வெட்டி வைத்து, மேலே பேரீச்சம்பழப் பாகை ஊற்றி, படகு மாதிரி இருந்த சூடான ரொட்டியோடு கொடுத்தார். 'கைமர்' என்று பெயர். எங்கள் வீட்டில் ஏட்டைத் திருடித் தின்றதற்கு நாங்கள் வாங்கிய அடி கொஞ்சநஞ்சமில்லை. இங்கே அதைத் தட்டில் வைத்து உபசாரம் செய்கிறார்கள். காபி மட்டும் இல்லை. விரல் நீளக் கண்ணாடி கிளாசில் கறுப்புத் தேநீர், அடியில் கரையாத சர்க்கரை. கும்பகோணத்து டிகிரி காபிக்கு நாக்கு ஏங்கியது. ஆனால் நாலாவது கிளாசில் தேநீரும் பழகிவிட்டது.

மத்தியானச் சாப்பாட்டுக்குச் சோறு. அந்த அரிசியை அவர்கள் அம்பர் என்கிறார்கள். கொதிக்கும்போதே வாசலில் நின்றவருக்கு மணம் போய்விடுகிறது. நெல் ஊர்க்காரி என்ற கர்வத்தோடு இரண்டு பருக்கையை நசுக்கிப் பார்த்தேன். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. கூட நான் மோர்மிளகாய் பொரித்தேன். குணா சோற்றைப் பிசைந்து, மிளகாயைக் கடித்து, கண்ணை மூடிக்கொண்டான். அந்த நேரம் பார்த்து நான் ஆரம்பித்தேன்.

"ப்ளேன்ல போலாம்னு டாக்டர் சீட்டுக் குடுத்துட்டாரு. செவ்வாக்கிழமை கிளம்பிடலாம்டா."

"நான் வரலக்கா."

"வராம?"

"கால் சரியானதும் ஸ்டோர்ல உட்கார்ற வேல தரேன்னுருக்காங்க. அங்க வந்து என்ன பண்றது, சொல்லு."

"நம்ம நெலம் இருக்குடா."

"இருக்கா?" என்றான்.  நான் அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தேன்.

அந்த நிலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடலிலிருந்து ஆறு கிலோமீட்டர் தள்ளி, காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடையில் ஒன்பது மா. எங்கள் பக்கம் மூன்று மா ஒரு ஏக்கர். சுனாமியில் கடல் தண்ணீர் ஏறியபோது அப்பா இருந்தார். ஜிப்சம் போட்டு, தக்கைப்பூண்டு என்ற பசுந்தாள் பயிரை விதைத்து மடக்கி உழுது, மழைத் தண்ணீரைத் தேக்கித் தேக்கி வடித்து, மூன்று வருஷத்தில் நிலத்தை மீட்டுவிட்டார். அவருக்குப் பிறகு குணா பார்த்தான். ஆற்றில் தண்ணீர் சரியாக வராத வருஷங்களில் அவன் ஆழ்துளைக் கிணறு போட்டான். நான் மண் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறவள், இருபத்திரண்டு வருஷமாக. முதல் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து என்னிடம்தான் கொண்டுவந்தான். நான் சோதித்து, பயிருக்கு ஆகும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அது ஐப்பசி மாசம். மழை பெய்து நிலத்தடி நீர் நிறைந்திருந்த நேரம். கோடையில் இன்னொரு முறை எடுத்துப் பார்க்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். வருகிற விவசாயிகளுக்கெல்லாம் சொல்வேன். என் தம்பிக்குச் சொல்லவில்லை. வீட்டு ஆள்தானே, அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். மூன்றாவது வருஷம் வயல் வெள்ளை பூத்துவிட்டது. நாற்று நட்ட பத்தாம் நாளே நுனி கருகியது. அந்த வருஷமே அவன் ஈராக் போய்விட்டான். ஏன் நிலம் போயிற்று என்று நாங்கள் இரண்டு பேரும் ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை.

வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை. ஹைதர் அம்மா பெண்கள் பள்ளியில் சரித்திர ஆசிரியை. இவ்வளவு தூரம் வந்தவளுக்குப் பக்கத்திலிருக்கும் பழைய நகரத்தைக் காட்டாமல் அனுப்பமாட்டேன் என்றார். நாசிரியாவிலிருந்து காரில் அரைமணிக்குள். நகரத்தின் பெயரைக் குணா சொன்னபோது என்னைக் கேலி செய்கிறான் என்று நினைத்தேன்.

"பேரே ஊர்தான்க்கா. ஊர்."

"எந்த ஊரு?"

"ஊருங்கற ஊரு."

ஹைதர் அம்மா தன் கறுப்பு அங்கி ஒன்றை எனக்குப் போட்டுவிட்டு, கழுத்தருகில் ஊசி குத்தி, இரண்டடி பின்னால் போய் நின்று பார்த்து, மறுபடி வந்து சரிசெய்தார். கல்யாணப் பெண்ணுக்குச் செய்கிற மாதிரி இருந்தது. குணாவைப் பின் சீட்டில் காலை நீட்டி உட்காரவைத்து, நான் ஓரத்தில் ஒடுங்கிக்கொண்டேன்.

தட்டை நிலத்தின் நடுவில் திடீரென்று ஒரு செங்கல் மலை. சந்திர தெய்வத்துக்கு நாலாயிரம் வருஷத்துக்கு முன் கட்டிய மேடைக்கோயில். தஞ்சாவூர் விமானம் மேலே மேலே ஏறிக் குறுகும். இது அகலமாகக் காலை விரித்து உட்கார்ந்திருக்கிறது. முகப்பைப் பிற்காலத்தில் புதுப்பித்திருக்கிறார்கள், மேலே பழசு அப்படியே நொறுங்கிக் கிடக்கிறது. செங்கல்லுக்கும் செங்கல்லுக்கும் நடுவே கறுப்பாகத் தார். விரலால் தொட்டேன். நாலாயிரம் வருஷத்து வெயிலில் உருகாத தார்! எங்கள் தெருவில் போன வருஷம் போட்டது சித்திரையில் செருப்பில் ஒட்டிக்கொண்டு வருகிறது.

குணாவைக் கீழே மடக்கு நாற்காலியில் நிழலில் உட்காரவைத்துவிட்டு, நானும் ஹைதர் அம்மாவும் படியேறினோம். மொழிபெயர்க்க ஆள் இல்லை. மேலே போனதும் அவர் என் தோளைப் பிடித்துத் தென்கிழக்கே திருப்பினார். கையை அலை மாதிரி ஆட்டினார். கடல். அப்புறம் வடக்குப் பக்கம் திருப்பி, பாம்பு போல வளைத்துக் காட்டினார். ஆறு. நான் எட்டிப் பார்த்தேன். கடலும் இல்லை, ஆறும் இல்லை. கண்ணுக்கெட்டிய மட்டும் காய்ந்த மண். அவர் இரண்டு கையையும் விரித்து, வெறுங்கையைக் காட்டினார். காற்று மட்டும் பலமாக அடித்தது. எங்கள் இருவர் அங்கியும் ஒன்றோடொன்று சுற்றிக்கொண்டது.

கீழே வந்து தேநீர்க் குடுவையைத் திறந்துகொண்டு உட்கார்ந்தோம். ஹைதர் அம்மா சொல்லச் சொல்ல, குணா தமிழில் சொன்னான்.

முதலில் இங்கே நாணலும் மீனும்தான். ஆறு கொண்டுவந்த வண்டல் மேல் சில குடிசைகள். கடல் பக்கத்திலேயே இருந்தது. ஆற்றிலிருந்து வாய்க்கால் வெட்டினார்கள். கோதுமை, பார்லி, பேரீச்சை விளைந்தன. வயிறு நிறைந்ததும் கோயில் வந்தது, கப்பல் வந்தது. செம்பு வந்தது, நீலக்கல் வந்தது.

"செவப்புக் கல்லு இந்தியாப் பக்கமிருந்து வந்துச்சாம். பாசிமணி கோத்து ராணிக்குப் போட்டாங்களாம். அந்த ராணி செத்தப்ப வேலைக்காரங்க, பாட்டுப் பாடுறவங்க எல்லாரையும் கூடவே புதைச்சிருக்காங்க" என்றான் குணா.

அப்புறம் பெரிய ராஜாக்கள் வந்தார்கள். இந்த மேடையைக் கட்டினார்கள். களிமண் பலகையில் சட்டம் எழுதினார்கள். உலகத்திலேயே பெரிய ஊர்களில் ஒன்றாக இது இருந்தது. நூறு வருஷம் அந்த வாழ்வு. பிறகு தானியம் குறைந்தது. பசி வந்த ஊருக்குக் கிழக்கேயிருந்து பகைவர்களும் வந்தார்கள். கடைசி ராஜாவைச் சங்கிலியில் கட்டி இழுத்துப்போனார்கள்.

"அதோட முடிஞ்சுதா?" என்று கேட்டேன்.

இல்லையாம். ஜனங்கள் திரும்பி வந்து இடிந்ததைக் கட்டிக்கொண்டு இன்னும் பல நூறு வருஷம் இருந்திருக்கிறார்கள். ஆனால் ஆறு படுக்கையை மாற்றிக்கொண்டு விலகியது. வண்டல் சேரச் சேரக் கடலும் தள்ளிப் போயிற்று. எனக்குப் பூம்புகார் ஞாபகம் வந்தது. அதைக் கடல் கொண்டுபோனது. இதைக் கடல் விட்டுவிட்டுப் போயிருக்கிறது.

ஹைதர் அம்மா குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து, அதைக் காட்டி நீளமாக ஏதோ சொன்னார். குணா அதைத் தமிழில் சொல்லாமல் தேநீரை எடுத்துக் குடித்தான்.

"என்னடா சொல்றாங்க?"

"ஒண்ணுமில்லக்கா. மண்ணப் பத்தி ஏதோ."

ஹைதர் அம்மா அவனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். நான் பேச்சை மாற்றுவதற்காக, இங்கிருந்து கடைசியாகப் போனவர்கள் யார் என்று கேட்கச் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார். குணாவின் குரல் இறங்கிவிட்டது.

"கடைசியாப் போறோம்னு தெரிஞ்சு யாரும் போயிருக்க மாட்டாங்களாம். இந்த வருஷம் தண்ணி இல்ல, பக்கத்து ஊர்ல போயி இருந்துட்டு வந்துருவோம்னுதான் ஒவ்வொருத்தரும் போயிருப்பாங்களாம். பாத்திரத்தக்கூட வச்சுட்டுப் போயிருக்காங்களாம்."

திரும்பும்போது ஹைதர் அப்பா, நேர் சாலையில் சோதனைக்கு லாரிகள் நிற்கின்றன, குறுக்கே போனால் சீக்கிரம் என்று மண்பாதையில் இறக்கினார். எதிரே ஒரு டேங்கர் வந்தது. ஒதுங்க இடம் கொடுப்பதற்காகப் பாதையை விட்டு நிலத்துக்குள் திருப்பினார். வெளிறிக் காய்ந்து, அப்பளம் மாதிரி இருந்த நிலம். இரண்டு வண்டி நீளம் போவதற்குள் கார் பொதுக்கென்று அமுங்கியது. ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க இன்னும் உள்ளே போயிற்று.

நான் இறங்கிப் பார்த்தேன். மேலே விரல்கடை கனத்துக்குப் பொருக்கு. அதன் அடியில் களிச்சேறு. பொருக்கை உடைத்தால் உள்ளே பஞ்சு மாதிரிப் பொசபொசவென்று வெள்ளை. தினமும் விவசாயிகள் துணிப்பையில் கட்டிக்கொண்டு வந்து என் மேசையில் வைக்கிறார்களே, அதே மண். எங்கள் நிலத்தின் மண்ணும் இதுதான்.

ஹைதர் அப்பா டிராக்டர் தேடி நடந்தே போனார். ஹைதர் அம்மா முன் சீட்டில் இருந்தார். நான் ஏறி வந்து குணா பக்கத்தில் உட்கார்ந்தேன். கை முழுக்க வெள்ளை அப்பியிருந்தது. அவன் அதைப் பார்த்தான். நானும் பார்த்தேன். அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை.

"குணா, அந்தப் போர் தண்ணி நல்லாருக்குன்னு எழுதிக் குடுத்தது நான்தான். கோடையில ஒரு தடவ எடுத்துப் பாருன்னு ஒனக்குச் சொல்லியிருக்கணும். ஊர்ல இருக்கற அத்தன பேருக்கும் சொன்னேன். ஒனக்குச் சொல்லல. நெலத்தக் கெடுத்தது நான்தான்டா. அதனாலதான நீ வரமாட்டேங்கற?"

அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டான்.

"நான் எடுத்துப் பாத்தேன்க்கா."

"எப்ப?"

"அடுத்த சித்திரையிலயே. கோடை நெல்லு போட்டிருந்தேன்ல. தண்ணி வாயில வச்சா ஒரு மாதிரி இருந்துச்சு. ஒங்கிட்ட கொண்டுவர பயமாருந்துச்சு. வேற எடத்துல குடுத்துப் பாத்தேன். உப்பு ஜாஸ்தி, பயிருக்கு ஆகாதுன்னு எழுதிக் குடுத்துட்டாங்க. பயிரு பால் பிடிக்கிற நேரம்க்கா. இன்னும் பதினஞ்சு நாளு தண்ணி வச்சா அறுத்துரலாம். சீட்ட மடிச்சு பாக்கெட்ல வச்சுக்கிட்டு, வந்து மோட்டாரப் போட்டேன். அறுத்தும்புட்டேன். சரி, ஒண்ணும் ஆகலேன்னு அடுத்த வருஷமும் போட்டேன். அதுக்கடுத்த வருஷமும்."

நான் கையில் அப்பியிருந்த வெள்ளையை விரலால் சுரண்டினேன்.

"அப்பா மூணு வருஷம் கஷ்டப்பட்டு எடுத்த உப்ப நான் மூணு வருஷத்துல உள்ள ஏத்திட்டேன். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வர்றது? அங்க அவங்க சொன்னது என்னன்னு கேட்டியே. தண்ணி பாய்ச்சிக்கிட்டே இருந்ததுல அடியிலேருந்து உப்பு மேல வந்துருச்சாம். கோதுமை வராமப் போச்சாம். உப்புத் தாங்கும்னு பார்லி போட்டாங்களாம். அப்புறம் அதுவும் கொறஞ்சுச்சாம். அத என் வாயால ஒங்கிட்ட எப்படிக்கா சொல்லுவேன்?"

அவன் அழுதான். ஏழு வருஷமாக என் தம்பி என்னால் நாடு விட்டுப் போனான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். அவனோ என் முகத்தில் விழிக்க முடியாமல் போயிருக்கிறான். அவன் மேல் கோபம் வந்தது, பொய் சொல்லமாட்டேன். அந்தச் சீட்டைக் கொண்டுவந்து காட்டியிருந்தால் ஒரு வருஷப் பயிரோடு போயிருக்கும். ஆனால் அவன் தாடியைப் பார்த்ததும் கோபம் தங்கவில்லை. அவன் தலையை இழுத்து என் தோளில் சாய்த்துக்கொண்டேன். முன் சீட்டிலிருந்து திரும்பிப் பார்க்காமலே ஒரு கை பின்னால் நீண்டது. அதில் காகிதக் கைக்குட்டைகள். ஹைதர் அம்மாவுக்கு ஒரு சொல் புரிந்திருக்காது. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, எங்களுக்கு வேண்டிய நேரம் கொடுத்தார்.

டிராக்டர் வந்தது. ஓட்டிவந்தவர் அறுபது வயசு விவசாயி. அங்கியைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு, காரைச் சுற்றிவந்து, ஹைதர் அப்பாவைக் கடிந்துகொண்டார். கயிறு கட்டி இழுத்ததும் கார் சேற்றோடு வெளியே வந்தது. பிறகு பின் சீட்டு ஜன்னலில் எட்டிப் பார்த்து, எந்த நாடு என்று கேட்டார். இந்தியா. என்ன வேலை? குணா மின்சார வேலை என்று சொல்லாமல், நெல் விவசாயம் என்று சொன்னான். எனக்கே ஆச்சரியம்.

அவ்வளவுதான், விவசாயிக்கு விவசாயி கிடைத்துவிட்டார். உங்கள் பக்கம் உப்பு உண்டா? உண்டு. என்ன செய்வீர்கள்? குணா சொல்ல ஆரம்பித்தான். கையை வைத்து வரப்பு கட்டினான், தண்ணீரைத் தேக்கினான், உழுதான், வடித்தான். எனக்கு அரபி தெரியாவிட்டாலும் ஒவ்வொரு வேலையும் தெரிந்தது. நடுநடுவே 'ஜிப்சம்' என்ற சொல் வந்தது. அப்பா செய்த எதையும் அவன் மறக்கவில்லை. விவசாயி தலையாட்டிக் கேட்டுவிட்டு, எங்களுக்கு மழையே இல்லை, ஆற்றில் வருவதும் மேலே அணை கட்டி அணை கட்டிக் குறைந்துவிட்டது என்றார். குணா அதை எனக்குச் சொன்னபோது, இத்தனை நாளில் முதல்முறையாக அவன் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன். "இங்கயும் அதே பேச்சுதான்க்கா."

பிறகு அவர் ஒரு கேள்வி கேட்டார். குணா மெல்ல ஏதோ சொன்னான். அவர் புருவத்தை உயர்த்தி, கொஞ்சம் கோபமாகவே திருப்பிக் கேட்டுவிட்டு, டிராக்டரில் ஏறிப் போய்விட்டார்.

"என்ன கேட்டாரு?"

"ஒங்க நெலம் திரும்பி வந்துச்சான்னு கேட்டாரு. தெரியாது, ஏழு வருஷமாப் பாக்கலேன்னேன்." கார் நகர்ந்ததும் சொன்னான்: "மழ பெய்யற ஊர வச்சுக்கிட்டுப் போயிப் பாக்கலியான்னு திட்டிட்டுப் போறாரு."

கார் நாசிரியாவுக்குள் நுழையும்போது, "செவ்வாக்கிழமைதான டிக்கெட்டு?" என்று அவனே கேட்டான்.

செவ்வாய்க்கிழமை ஹைதர் அம்மா பள்ளிக்கு லீவு போட்டார். குணாவின் துணிகளை அயர்ன் செய்து அடுக்கினார். அவன் படுத்திருந்த கட்டிலை மடிக்கக் கூடாது என்று கணவரிடம் சொன்னாராம், வீடு வெறிச்சென்று ஆகிவிடும் என்று. என்னிடம் அம்பர் அரிசியும் பேரீச்சம்பாகும் கட்டிக் கொடுத்தார். நான் என்னிடம் மிச்சமிருந்த மோர்மிளகாயையும், கொண்டுவந்திருந்த ஒரே பட்டுச்சேலையையும் கொடுத்தேன். அவர் அதை அங்கியின் மேலேயே தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். என் கன்னத்தில் முத்தமிட்டு என்னவோ சொன்னார். குணாவுக்கு மொழிபெயர்க்க முடியவில்லை. நானும் கேட்கவில்லை.

திரும்பும் விமானத்தில், குணாவுக்குக் கம்பெனியில் கொடுத்த சக்கர நாற்காலி வேறு எங்கோ போய்விட்டது. சென்னையில் அரைமணி நேரம் தம்பியை என் தோளில் தாங்கிக்கொண்டு நின்றேன். திருவாரூர் வரும்வரை அவன் ரயில் ஜன்னலை மூட விடவில்லை.

மறுநாளே நிலத்தைப் பார்க்கப் போனோம். சீமைக்கருவேல் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்திருந்தது. நடுவில் வெள்ளைத் திட்டு. வைகாசி வரைக்கும் கூலியாட்கள் முள் வெட்டி, வேரைத் தோண்டினார்கள். ஆழ்துளைக் கிணற்றின் வாயைச் சிமெண்டு போட்டு அடைத்தோம். ஆடியில் ஆற்றுத் தண்ணீர் எட்டிப் பார்த்தது, தக்கைப்பூண்டு தெளித்தான். வடக்கு மூலையில் முளைக்கவே இல்லை. மற்ற இடத்தில் இடுப்பளவு வந்தது. மடக்கி உழுதோம். புரட்டாசியில் அவன் மண்ணை எடுத்துக்கொண்டு என் ஆபீசுக்கு வந்து, மற்றவர்களோடு பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்தான். சோதித்துப் பார்த்து, இருந்ததை இருந்தபடி எழுதிக் கொடுத்தேன். உப்பு இன்னும் அதிகம்தான். இந்த வருஷம் நெல் போட முடியாது. அவன் சீட்டை வாங்கிப் படித்துவிட்டு, "சரிக்கா" என்று கிளம்பினான்.

ஐப்பசியில் மழை பிடித்தது. இரண்டு முறை தேக்கி வடித்தான். மூன்றாவது மழை கார்த்திகை முதல் வாரம், இரண்டு நாள் விடாமல் பெய்தது. ஞாயிற்றுக்கிழமை காலை நான் போனபோது வயல் வரப்பு மட்டத்துக்கு நிறைந்து கிடந்தது. குணா கைத்தடியை ஊன்றிக்கொண்டு, மண்வெட்டியால் வரப்பின் கடைசி மூலையை வெட்டிவிட்டான். தண்ணீர் சலசலவென்று வடிகாலில் இறங்கிக் கடல் பக்கம் ஓடியது. அவன் குனிந்து ஒரு கை அள்ளி வாயில் வைத்தான்.

"எப்படிடா இருக்கு?"

"கரிக்குது. ஆனா போன தடவைக்கு இது பரவால்ல."

"இன்னும் நாலஞ்சு மழையாவது வேணும் குணா. ரெண்டு வருஷம் ஆவும்."

"ஆவட்டும்க்கா" என்று ஈர வரப்பில் காலை நீட்டி உட்கார்ந்தான். "நான் இங்கதான இருக்கப்போறேன்."